அமெரிக்கக் கல்லூரியில் சேர அயல்மொழி எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

எட்டாம் வகுப்பு முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே அமெரிக்கப் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவத்தைக் கையில் கொடுத்துவிடும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் ஏறக்குறைய முன்கூட்டியே முடிவான விஷயங்கள். பெற்றோர் தடுமாறுவது 'வேர்ல்ட் லாங்குவேஜ்' என்ற கட்டத்தில்தான். ஸ்பானிஷா, பிரெஞ்சா, சீனமா? இரண்டு வருடம் போதுமா, நான்கு வருடமும் வேண்டுமா? "ஹைஸ்கூல் முடிக்க அதெல்லாம் தேவையே இல்லை" என்பார் ஒரு நண்பர். "நாலு வருஷம் இல்லேன்னா நல்ல காலேஜை மறந்துடுங்க" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆளுக்கொரு விதியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த விதிகள் மூன்று. பள்ளிப் படிப்பை முடித்து டிப்ளமோ வாங்க எவ்வளவு மொழி வேண்டும் என்பது முதலாவது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற எவ்வளவு வேண்டும் என்பது இரண்டாவது. போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் எவ்வளவு 'பரிந்துரைக்கின்றன' என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே மாநிலத்திலேயே வேறுவேறாக இருக்கும்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே டிப்ளமோவுக்கு மாநிலம் கேட்பது கலை, அயல்மொழி, தொழிற்கல்வி மூன்றில் ஏதாவது ஒன்றில் ஒரு வருடம். ஓவியமோ இசையோ ஒரு வருடம் படித்துவிட்டு, ஒரு நாள்கூட அயல்மொழி வகுப்பில் உட்காராமல் மாநிலக் கணக்கில் பள்ளியை முடித்துவிடலாம். ஆனால் அதே மாநிலத்தின் யு.சி. எனப்படும் 'யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா' பல்கலைக்கழகங்களுக்கும் (பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ முதலியவை) கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கும் போக வேண்டுமென்றால் 'ஏ முதல் ஜி வரை' என்ற பாடப் பட்டியலை முடித்திருக்க வேண்டும். மொத்தம் 15 வருடப் பாடங்கள், யு.சி. கணக்கில் அவற்றில் 11, பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 'ஈ' என்பது அயல்மொழி. ஒரே மொழியில் இரண்டு வருடம் கட்டாயம். மூன்று வருடம் என்பது யு.சி.யின் பரிந்துரை. எல்லாவற்றிலும் 'சி' கிரேடாவது வாங்கியிருக்க வேண்டும். 'டி' வாங்கினால் பள்ளி அதைத் தேர்ச்சி என்று எழுதும், யு.சி. கணக்கில் சேர்க்காது.

ஃப்ளோரிடாவிலும் இதே கதை. டிப்ளமோவுக்கு அயல்மொழி கட்டாயமில்லை, ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர ஒரே மொழியில் அடுத்தடுத்த இரண்டு கிரெடிட் (ஒரு கிரெடிட் என்பது ஒரு வருடப் பாடம்) வேண்டும். டெக்சாஸில் டிப்ளமோவுக்கே இரண்டு கிரெடிட் கேட்கிறார்கள். ஆனால் அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் நிரல்மொழிப் பாடத்தைக் காட்டலாம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இந்த வழியைப் பார்த்ததும் முகம் மலரும். பள்ளி முடிக்க அது உதவும். வேறு மாநிலக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ ஸ்பானிஷுக்குப் பதிலாக ஜாவாவை ஏற்கும் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

தனியார் கல்லூரிகளுக்கு வந்தால் எண்கள் இன்னும் சிதறும். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே மொழியை நான்கு வருடம் படிக்கச் சொல்கின்றன. ஸ்டான்ஃபோர்டு, மூன்று வருடமோ அதற்கு மேலோ என்கிறது. எம்.ஐ.டி. இரண்டு வருடம் என்கிறது. யேல் இன்னும் ஒரு படி போய், சேர்வதற்கு அயல்மொழி நிபந்தனை எதுவும் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. யேலுக்குள் நுழைந்த பிறகு பட்டம் வாங்க எல்லோரும் ஏதோ ஒரு மொழிப் பாடம் எடுத்தே ஆக வேண்டும். நுழைவு நிபந்தனை வேறு, பட்ட நிபந்தனை வேறு. கல்லூரித் தளத்தில் 'லாங்குவேஜ் ரிக்வயர்மென்ட்' என்று கண்ணில் படும்போது, அது எதைப் பற்றியது என்று ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

'பரிந்துரை' என்றால் என்ன?

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த நமக்கு இந்த இடம் புரியக் கொஞ்சம் நேரமாகும். பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழும் ஆங்கிலமும் அந்தக் கணக்கிலேயே வராது. மொழிப் பாடத்தில் பாஸ் செய்தால் போதும், மிச்ச நேரத்தைக் கணக்குக்குக் கொடு என்று சொல்லியே வளர்த்தார்கள். பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்தவர்களிலும் பலர் மொழி ஆசையால் எடுக்கவில்லை, மார்க் வரும் என்று எடுத்தார்கள். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கப் படிவத்தைப் பார்த்தால் 'இரண்டு வருடம் கட்டாயம்' என்பதை 'இரண்டு வருடத்தோடு வேலை முடிந்தது' என்றுதான் படிப்போம்.

போட்டி மிகுந்த கல்லூரிகளில் விண்ணப்பத்தைப் படிப்பவர் அப்படிப் படிப்பதில்லை. அவர் முன்னால் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று மாணவரின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எடுத்த பாடங்களும் வாங்கிய கிரேடுகளும் உள்ள பட்டியல். மற்றொன்று பள்ளி அனுப்பும் 'ஸ்கூல் ப்ரொஃபைல்', அதாவது அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள், எந்த நிலை வரை கிடைக்கின்றன என்ற குறிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பள்ளியில் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) ஸ்பானிஷ் வரை இருக்கிறது, பிள்ளை ஸ்பானிஷ் 2-உடன் நின்றுவிட்டது என்றால், ஏன் நின்றது, அந்த இடத்தில் என்ன எடுத்தது என்ற கேள்வி எழும். பள்ளியில் இருப்பதே ஸ்பானிஷ் 2 வரைதான் என்றால் அந்தக் கேள்வியே எழாது. கிராமப்புறப் பள்ளியில் ஒரே ஒரு மொழி ஆசிரியர் இருந்து, அவரும் இரண்டு வருடப் பாடம் மட்டுமே நடத்தினால் அது மாணவரின் குற்றமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் எழுதும் அறிக்கையிலும், இந்த மாணவர் எடுத்த பாடங்கள் பள்ளியில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினமானவை என்று குறிக்க ஓர் இடம் உண்டு.

ஆகப் பரிந்துரை என்பது, 'எங்களிடம் இடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் இவ்வளவு படித்துவிட்டு வருகிறார்கள்' என்ற செய்தி. குறைந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகாது. ஆனால் அந்தக் குறைக்கு ஈடாக வேறு ஏதாவது கண்ணில் பட வேண்டும். 2021 முதல் யு.சி. பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. தேர்வு மதிப்பெண் போன பிறகு, நான்கு வருடம் என்ன படித்தாய் என்ற பட்டியலுக்குக் கனம் கூடித்தானே ஆகும்?

வருடமா, நிலையா?

எல்லோரும் குழம்பும் இடம் இதுதான்; என் கணக்கில் இந்த முழு விஷயத்தில் முக்கியமானதும் இதுதான். கல்லூரிகள் 'வருடம்' என்று எழுதினாலும் பல இடங்களில் உண்மையில் எண்ணப்படுவது எட்டிய நிலை. ஸ்பானிஷ் 3-ஐ முடித்தவரை மூன்று வருடம் படித்தவராகவே யு.சி. கணக்கில் கொள்ளும், அவர் ஹைஸ்கூலில் உட்கார்ந்தது இரண்டே வருடமாக இருந்தாலும்.

கயல் என்று ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். ஏழு, எட்டாம் வகுப்புகளில் மிடில் ஸ்கூலில் ஸ்பானிஷ் 1-ஐ முடித்துவிட்டாள். ஒன்பதில் நேராக ஸ்பானிஷ் 2, பத்தில் ஸ்பானிஷ் 3. இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிவம் வந்திருக்கிறது. அவளுடைய பள்ளியில் ஒரு நாளைக்கு ஆறு பீரியட்தான். ஆங்கிலம், கணக்கு, வரலாறு மூன்றும் போக மூன்று இடம். ஏ.பி. வேதியியல் வேண்டும், ஏ.பி. இயற்பியலும் வேண்டும் என்கிறாள். நான்கு வருடமாக விடாமல் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவை விட மனமில்லை. ஸ்பானிஷை விட்டுவிடலாமா?

யு.சி.யைப் பொறுத்தவரை அவள் மூன்று வருடப் பரிந்துரையையே எட்டிவிட்டாள். ஸ்டான்ஃபோர்டு சொல்லும் மூன்றும் நிலைக் கணக்கில் வந்துவிட்டது. எம்.ஐ.டி.யின் இரண்டு எப்போதோ முடிந்தது. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் கேட்கும் நான்கு மட்டும் ஒரு படி குறைகிறது. பொறியியல் படிக்கப்போகிறவள், ஸ்பானிஷ் இருந்த இடத்தில் ஏ.பி. இயற்பியலை வைக்கிறாள் என்றால் படிப்பவருக்குக் காரணம் தானாகவே தெரியும். அவளை விடச் சொல்லத்தான் எனக்குத் தோன்றும். அதே கயல் சர்வதேச உறவுகளோ வரலாறோ படிக்க ஆசைப்படுகிறவளாக இருந்தால் என் பதில் வேறு: ஸ்பானிஷ் 4, பிறகு ஏ.பி. என்று போகச் சொல்வேன், இரண்டு அறிவியலில் ஒன்றைக் கைவிடச் சொல்வேன். மொழியை விட்ட இடத்தில் ஒரு லேசான விருப்பப் பாடத்தை வைத்தால் மட்டும் எந்தத் துறைக்குப் போனாலும் நன்றாக இருக்காது.

மிடில் ஸ்கூலில் படித்தது டிரான்ஸ்கிரிப்டில் தெரியாதே என்ற பயம் பலருக்கு உண்டு. யு.சி. விண்ணப்பத்தில் ஏழு, எட்டாம் வகுப்புகளில் படித்த கணக்கையும் அயல்மொழியையும் குறிக்கத் தனி இடமே இருக்கிறது. அதைவிட முக்கியமாக, மேல்நிலைப் பாடத்தில் நல்ல கிரேடு வாங்கினால் அது கீழ்நிலையையும் சேர்த்து நிறைவு செய்துவிடும். ஸ்பானிஷ் 1-இல் தடுமாறி 'டி' வாங்கிய பையன் ஸ்பானிஷ் 2-இல் தேறிவிட்டால் பழைய பள்ளம் யு.சி. பார்வையில் நிரம்பிவிடும். அதுவும் போக, யு.சி. சேர்க்கைக்கான ஜி.பி.ஏ.வை (கிரேடுகளின் சராசரி) ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களில்தான் கணக்கிடுகிறது. எனவே ஒன்பதில் ஒரு 'பி' வந்துவிட்டதற்காக வீட்டில் பூகம்பம் தேவையில்லை.

கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) ஒரு செமஸ்டர் மொழிப் பாடம் எடுத்தால் பள்ளியின் ஒரு வருடத்துக்குச் சமமாக யு.சி. எடுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில்தான் மொழியைத் தொடங்கியவர்களுக்கும், பள்ளியில் ஜப்பானியம் கிடைக்காதவர்களுக்கும் கோடை விடுமுறையில் இது நல்ல குறுக்குவழி. வேகம் கடுமையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டுவோலிங்கோ செயலியில் எத்தனை நாள் விடாமல் படித்தாலும் அது எங்கும் கணக்கில் வராது.

எந்த மொழி?

ஸ்பானிஷ் எடுத்தால் மதிப்புக் குறைவு, சீனம் எடுத்தால் மதிப்பு அதிகம் என்று பெற்றோர்களிடையே ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லூரிகள் தங்கள் எதிர்பார்ப்பை எழுதும்போது மொழியின் பெயரைக் குறிப்பதில்லை. லத்தீன் சரி. யு.சி.யில் அமெரிக்க சைகை மொழியும் சரி. பெரும்பாலும் அவர்கள் அழுத்திச் சொல்வது 'ஒரே மொழி' என்பதை. இரண்டு வருடம் ஸ்பானிஷ், அப்புறம் சலித்துப்போய் இரண்டு வருடம் பிரெஞ்சு என்றால் அது நான்கு வருடம் ஆகாது. இரண்டு மொழியில் அரிச்சுவடி படித்ததாகவே தெரியும்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, உங்கள் பள்ளியில் அது எந்த நிலை வரை போகிறது என்பதை. ஏ.பி. தேர்வு உள்ளவை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், சீனம், ஜப்பானியம், லத்தீன். கொரிய மொழி நான்காம் வருடம் நடத்த ஆளில்லாத பள்ளியில் கே-பாப் ஆசையில் கொரியம் எடுத்தால் பாதியில் நிற்க வேண்டி வரும்.

உழைப்பும் மொழிக்கு மொழி மாறும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. அவர்கள் கணக்கில் ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற ஏறக்குறைய 30 வாரம் முழுநேரப் பயிற்சி போதும்; ஜப்பானியம், சீனம், கொரியம், அரபிக்கு 88 வாரம். தமிழுக்கு 44 வாரம்.

வீட்டில் பேசும் தமிழ் எங்கே போகும்?

44 வாரம் கொடுத்து அரசாங்கம் சொல்லிக்கொடுக்கும் மொழியைப் பிள்ளை வீட்டிலேயே பேசுகிறது. ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் அது ஒரு வரியாக ஏறாத வரை யு.சி.யின் 'ஈ' கட்டத்தை நிரப்பாது. ஏற்றுவதற்கு வழிகள் உண்டு. கலிஃபோர்னியாவில் சில வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் முறையான தரச்சான்று பெற்றிருக்கின்றன. அங்கே படித்த தமிழுக்குச் சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஹைஸ்கூல் கிரெடிட் தருகின்றன. பிற மாநிலங்களிலும் தேர்வு எழுதிக் கிரெடிட் வாங்கும் முறை சில டிஸ்ட்ரிக்ட்களில் இருக்கிறது. இது முழுக்க முழுக்க அந்தந்த டிஸ்ட்ரிக்டின் முடிவு. பக்கத்து ஊரில் கொடுக்கிறார்கள் என்பதற்காக உங்கள் ஊரில் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பள்ளியில் சேர்க்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும், பத்தாம் வகுப்பில் அல்ல.

இன்னொன்று இருமொழி முத்திரை, 'சீல் ஆஃப் பைலிட்டரசி'. கலிஃபோர்னியாவில் 2011-இல் சட்டமாகி, பிறகு கிட்டத்தட்ட நாடு முழுவதும் பரவியது. ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் தேர்ச்சியைக் காட்டினால் டிப்ளமோவில் ஒரு முத்திரை. தமிழுக்கும் இதற்கான தேர்வு இருக்கிறது. நன்றாகப் பேசும் பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எழுதுவதில்தான். முத்திரை பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில், விண்ணப்பமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும். டிஸ்ட்ரிக்ட் அனுமதித்தால் பதினொன்றிலேயே தேர்வை எழுதிவிட்டால் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம்.

கிரெடிட்டும் இல்லை, முத்திரையும் இல்லை என்றாலும் தமிழைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே பேசுவேன், படிப்பேன், எழுதுவேன், வீட்டில் பேசுகிறோம், தாய்மொழி என்று கட்டங்கள் வைத்திருப்பார்கள். உண்மையாகத் தெரிந்ததை மட்டும் டிக் செய்யவும். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதைச் செயல்பாடுகள் பட்டியலில் போடலாம். பத்து செயல்பாடுகளுக்கு இடம் உண்டு. இவை விண்ணப்பத்துக்கு அழகு சேர்க்கும். 'ஈ' கட்டத்தை நிரப்பாது என்பதை மறக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியையும் பள்ளிப் பாடமாகவே படித்தவர்கள் நீங்கள். ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ வரை தமிழ் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் பலருக்குப் பத்தோடு முடிந்துவிடும், ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கேட்பதால் அந்த இரண்டு வருடமும் கையில் இருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாடங்களை நிரப்பும்போது கணக்கையும் இயற்பியலையும் மட்டும் கவனமாக எழுதிவிட்டுத் தமிழை விட்டுவிடாதீர்கள். கட்-ஆஃபில் வராத பாடம் என்பதால் கை தானாகவே அதைத் தாண்டிப் போகும். பத்தாம் வகுப்பில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து அங்கே ஹைஸ்கூலில் சேர்கிறவர்கள் ஊர் மதிப்பெண் பட்டியல்களைக் கையோடு கொண்டுவந்து, தமிழுக்குக் கிரெடிட் ஏற்ற முடியுமா என்று சேரும் அன்றே கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். ஆங்கிலமல்லாத பயிற்று மொழியில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் படித்தவர்களின் மொழித் தகுதியை யு.சி. ஏற்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது நேராகப் பொருந்தும்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பல கல்லூரிகள் விலக்கோ மாற்றுப் பாடமோ தருகின்றன.

நீங்களே பார்த்துக்கொள்ள

அக்கம்பக்கத்தில் கேட்பதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் 'சி5' என்ற அட்டவணையில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், அயல்மொழி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டாயம், பரிந்துரை என்று இரண்டு கட்டங்கள். பிள்ளை ஆசைப்படும் ஏழெட்டுக் கல்லூரிகளுக்கு இந்த ஒரு வரியை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதினால், அதில் பெரிய எண் எதுவோ அதுதான் உங்கள் இலக்கு. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் அந்த மாநிலத்தின் சேர்க்கைப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு கவுன்சிலரிடம் கேட்க மூன்று கேள்விகள் மிஞ்சும். மிடில் ஸ்கூலில் படித்த மொழி டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருக்கிறதா? இந்தப் பள்ளியில் இந்த மொழி எந்த நிலை வரை உண்மையில் நடக்கிறது, ஆள் சேராமல் கடைசி வருட வகுப்பு ரத்தானதுண்டா? ஒன்பதில் எந்த நிலையில் உட்கார வைப்பார்கள், அதற்குத் தேர்வு இருந்தால் எப்போது? மூன்றாவது கேள்விக்கான தேதியைப் பல பள்ளிகள் கோடை விடுமுறைக்கு முன்பே வைத்துவிடுகின்றன.